பொயிண்ட்டா, மொடியூலா, முழு டிஸ்ட்ரிபியூட்டரா? திருகோணமலையில் பழைய கார் ஓட்டுபவருக்கு ஓர் ஒப்பீடு

பழைய மொரிஸ் மைனரோ, ஒஸ்டினோ, மினியோ, பீட்டிலோ வைத்திருப்பவர் எவரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்: பிளக்கில் பொறி தட்டவைக்கும் பழைய சுவிட்சான பொயிண்ட்டை அப்படியே வைத்து ஓடுவதா, கழற்றிவிட்டு இலக்ட்ரோனிக் இக்னிஷன் (அதன் மின்னணுக் கட்டிதான் மொடியூல்) பூட்டுவதா? இங்கிலாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் இதைப் பற்றிப் பல வருடங்களாகச் சண்டை பிடிக்கிறார்கள். அவர்களுடைய பதில் நமக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே வண்டி நின்றால் ஏற்றிப்போக லொறி வரும், மொடியூல் செத்தால் தபாலில் இன்னொன்று வரும். நமக்குக் கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுப் பாதையில் இருட்டிய பிறகு வண்டி நின்றால், முதலில் வருவது யானையாகவும் இருக்கலாம்.

ஆகவே எது எப்படிப் பழுதாகும், பழுதானால் அந்த இடத்திலேயே யார் கையால் திருத்தலாம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நன்றாக ஓடுவது எல்லாமே ஓடும், சரியாகப் பூட்டினால்.

பொயிண்ட் செய்யும் வேலை சின்னது. பொறிக்கான உயர் வோல்ற்றை உண்டாக்கும் கொயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான நேரத்தில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். வெட்டிய கணத்தில் கொயிலில் ஆயிரக்கணக்கான வோல்ற் எழும்பி, ரோட்டர் என்ற சுழலும் கை வழியாகப் பிளக்குக்குப் போய்ப் பொறி தட்டும். பொயிண்ட்டும் ரோட்டரும் உட்கார்ந்திருக்கும், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் சாமான்தான் டிஸ்ட்ரிபியூட்டர்; அதன் மூடி கேப். நாலு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், பொயிண்ட் செக்கனுக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. 3 ஓம் கொயில் என்றால் 4 அம்பியர் வரை ஒவ்வொரு தடவையும் அதன் முகத்தில் வெட்டுப்படும். முகம் கருகாமல் என்ன செய்யும்? போகப்போக ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழும். ஷாஃப்ட்டோடு சுழன்று பொயிண்ட்டைத் திறக்கும் கேமில் உரசும் குதியும் தேயும். குதி தேய்ந்தால் இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பொயிண்ட் பிந்தித் திறக்கும், டைமிங், அதாவது பொறி தட்டும் நேரம், பின்னுக்குப் போகும். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

இதில் ஒரு நல்ல குணம் உண்டு. பொயிண்ட் சொல்லாமல் சாகாது. கிழமைக்கணக்கில் முனகும், காலையில் ஸ்டார்ட் பிடிக்கப் பிந்தும், வேகத்தில் இடையிடையே தட்டும். திருத்தவும் பெரிய ஆயுதம் வேண்டாம். மைனர், மினி, ஒஸ்டின் ஏ40 போன்றவற்றில் இருக்கும் லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். ஒரு ஃபீலர் கேஜும் சின்னத் திருப்புளியும் இருந்தால் தெருவோரத்திலேயே செய்யலாம். அதுவும் இல்லாத இடத்தில் தடித்த விசிட்டிங் கார்ட்டை வைத்து இடைவெளி பிடித்து வீடு வந்தவர்களும் இருக்கிறார்கள். 5000 கிலோமீற்றருக்கு ஒருதடவை திறந்து பார்த்து, கேமில் பொட்டுக் கிரீஸ் வைத்து, ரோட்டரைக் கழற்றி அதன் கீழே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அதன் பாட்டில் ஓடும்.

பொயிண்ட் கெட்ட பெயர் எடுத்தது பொயிண்ட்டால் அல்ல, அதன் முகம் எரியாமல் காக்கும் கொண்டென்சரால் என்பது என் கணிப்பு. இப்போது புதிதாக வரும் கொண்டென்சர்கள் பல சூடேறியதும் விட்டுக்கொடுக்கின்றன. பொறி மஞ்சளாக மெலியும், பொயிண்ட் முகம் நீலம் பாய்ந்து சீக்கிரமே எரிந்துபோகும். ஆட்கள் பொயிண்ட்டை மாற்றுவார்கள், திரும்பவும் எரியும், அப்புறம் "இந்தப் பழைய சாமானே சரியில்லை" என்று மொடியூலுக்குப் போவார்கள். ரோட்டரும் இதே கதைதான். நடுவில் ரிவெற் அடித்த மலிவு ரோட்டர்களில், அந்த ரிவெற் வழியாகப் பொறி கீழே ஷாஃப்ட்டுக்குப் பாய்ந்து வண்டி திடீரென்று நின்றுவிடும். இது பொயிண்ட்டுக்கும் நடக்கும், மொடியூலுக்கும் நடக்கும். ரிவெற் இல்லாமல் வார்த்த ரோட்டர் கிடைத்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

சரி, மொடியூல் என்ன செய்கிறது? பொயிண்ட்டும் கொண்டென்சரும் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டி உட்காருகிறது. ரோட்டருக்குக் கீழே கேமில் காந்த வளையம் ஒன்று ஏறுகிறது. காந்தம் கடந்து போவதை உள்ளே இருக்கும் ஹோல் சென்சர் அறிந்து ட்ரான்சிஸ்டர் மூலம் மின்சாரத்தை வெட்டுகிறது. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை, ஒருதடவை வைத்த டைமிங் அங்கேயே நிற்கும். அமெரிக்காவின் பேர்ட்ரோனிக்ஸ், இங்கிலாந்தின் அக்குஸ்பார்க் எல்லாம் இந்த வகை. லூமெனிஷன் கம்பனியின் பழைய முறை காந்தத்துக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை ஒரு தகடு வெட்டுவதைப் பார்த்து வேலை செய்தது. தொழிற்சாலைகள் இந்தப் பக்கம் திரும்பியது 1970களில். கிறைஸ்லர் 1973 மொடல் கார்களிலேயே எல்லாவற்றுக்கும் பொயிண்ட்டைக் கைவிட்டுவிட்டது. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்றால், நமக்குக் கிடைக்கும் மொடியூலின் தரத்திலும், நம் காரில் அது போய்ச் சேரும் நிலைமையிலும்.

"மொடியூல் பூட்டினேன், வண்டி பறக்குது" என்று சொல்பவரிடம் அன்றைக்கு வேறு என்னவெல்லாம் மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். புது கேப், புது பிளக் வயர், புது பிளக், டைமிங்கும் லைட் பிடித்து வைத்தார்கள் என்பார். பழைய பொயிண்ட்டையே துடைத்து வைத்து இதையெல்லாம் செய்திருந்தாலும் பாதிப் பறப்பு வந்திருக்கும். நல்ல நிலையில் உள்ள பொயிண்ட்டை எடுத்துவிட்டு மொடியூல் வைத்தால் சாதாரண மைனருக்குக் குதிரைவலு அதிகரிக்காது. கிடைப்பது நிலையான டைமிங்கும் பராமரிப்பு இல்லாத நிம்மதியும்தான். அதுவே சிலருக்குப் பெரிய விஷயம்.

எதைத் தெரிவு செய்தாலும் காசு கொடுக்க முதல் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். கேப்பைக் கழற்றி ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று கையில் தட்டுப்பட்டால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பிறகு கேமின் நாலு முனையிலும் பொயிண்ட் இடைவெளியை அளந்து பாருங்கள். ஒன்றில் 0.014, இன்னொன்றில் 0.018 அங்குலம் என்று வந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் வேறு வேறாகப் போகிறது என்று அர்த்தம். ரோட்டரைச் சற்றுத் திருகி விட்டால் தானாகத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னுக்குத் தள்ளும், உள்ளே இருக்கும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஸ்பிரிங் போயிருக்கும். கடைசியாக, இயந்திரத்தின் உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை மாற்றும் வக்கூம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பொயிண்ட் இருக்கும் தட்டு அசைந்து, நாக்கை வைத்து அடைத்தால் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். காற்று இழுத்துக்கொண்டே இருந்தால் டயஃபிரம் கிழிந்தது. இந்த நாலு பழுதில் புஷ் தேய்வை மட்டும் மொடியூல் ஓரளவு மறைக்கும், அதுவும் முழுதாக அல்ல. மற்ற மூன்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆடும் ஷாஃப்ட்டுக்கு மேல் விலைகூடிய மொடியூலை வைப்பது இடிந்த மதிலுக்குப் பெயின்ற் அடிக்கிற மாதிரி.

டிஸ்ட்ரிபியூட்டர் நல்லது என்று வைத்துக்கொள்வோம். இனி வழிகளைப் பார்க்கலாம்.

பொயிண்ட்டையே வைத்திருப்பது முதல் வழி. நல்ல பொயிண்ட் செற், நல்ல கொண்டென்சர், ரிவெற் இல்லாத ரோட்டர், புது கேப். எல்லாம் சேர்த்தாலும் தரமான மொடியூலின் விலைக்கு வராது. கொண்டென்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைக்காமல் வெளியே கொயில் பக்கத்தில் பூட்டினால் சூட்டிலிருந்து தப்பும், நீண்ட நாள் உழைக்கும். பழைய கொயிலும் பழைய வயரிங்கும் அப்படியே பொருந்தும். பற்றரி இறங்கிப்போய் ஸ்டார்ட்டர் முக்கினாலும், ஹாண்டில் போட்டுச் சுற்றினால் பொயிண்ட் பொறி தரும். மைனரில் அந்த ஹாண்டில் வசதி இருப்பதை மறந்துவிடாதீர்கள். பல மொடியூல்களுக்கு வோல்ற் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் விழிப்பே வராது.

இரண்டாவது வழியை இப்போது அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்குப் பிடித்தது: பொயிண்ட்டை விட்டுவிட்டு அதன் சுமையை மட்டும் ஒரு ட்ரான்சிஸ்டர் பெட்டிக்குக் கொடுப்பது. பொயிண்ட் வெறும் சைகை காட்டும் சுவிட்சாக மாறிவிடும், அதன் வழியாகப் போவது மிகச் சிறிய மின்சாரம். முகம் கருகாது. கொண்டென்சர் தேவையில்லை. குதி தேய்வது மட்டும் மிச்சம், அதற்கு வருடத்தில் ஒருதடவை பார்த்தால் சரி. பெட்டி செத்தால் இரண்டு வயரை மாற்றிக் குத்திக் கொண்டென்சரை இணைத்துவிட்டுப் பழையபடி ஓடலாம். மின்னணு வேலை தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் இதைச் செய்தே தருவார். ஒரு குறை: மிகச் சிறிய மின்சாரம் என்பதால் பொயிண்ட் முகத்தில் எண்ணெயோ உப்புப் படலமோ பிடித்தால் அதை எரித்துத் தள்ளும் வலு இருக்காது. கடற்கரை ஊரில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, சொந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மொடியூல். பெரும்பாலானோர் போவது இதற்குத்தான். பூட்டுவது அரை மணித்தியால வேலை என்று பெட்டியில் எழுதியிருக்கும், உண்மையும் அதுதான், அந்தச் சின்ன ஸ்க்ரூ தட்டின் ஓட்டைக்குள் விழாதவரை. திருப்புளி முனையில் கொஞ்சம் கிரீஸ் தொட்டு ஸ்க்ரூவை ஒட்டிக்கொண்டு இறக்குங்கள். ஆனால் பூட்ட முதல் மூன்று விஷயம் பார்க்க வேண்டும், இவற்றில்தான் நம் ஊரில் மொடியூல்கள் பலியாகின்றன.

முதலாவது பொசிட்டிவ் ஏர்த். பழைய மைனர், ஒஸ்டின், 1960களின் மினி எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பற்றரியின் பொசிட்டிவ் முனை பொடியில் இணைந்தவை. அறுபது வருடத்தில் யாரோ ஒருவர் றேடியோ பூட்டுவதற்காக மாற்றியிருப்பார், யாரோ ஒருவர் மாற்றாமல் விட்டிருப்பார். புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், பொனற்றைத் திறந்து பற்றரியைப் பாருங்கள். மொடியூல்கள் இரண்டுக்கும் தனித்தனியாக வருகின்றன; மாறிப் பூட்டினால் ஒரு செக்கன் போதும், போய்விடும். காரையே நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றலாம், கஷ்டமான வேலை இல்லை: பற்றரியைத் திருப்பி வைத்து, கொயிலின் இரண்டு முனையையும் மாற்றி, டைனமோவின் எஃப் முனையைப் பற்றரியின் உயிர் முனையால் ஒரு கணம் தொட்டு அதன் காந்தத்தைப் புதிய திசைக்குத் திருப்ப வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்தால் டைனமோ எதிர்த்திசையில் மின்சாரம் தந்து ரெகுலேட்டரைக் கருக்கிவிடும்.

இரண்டாவது கொயில். மொடியூல்காரர் கேட்கும் ஓம் அளவுக்குக் குறைந்த கொயில் இருந்தால் மொடியூலுக்குள் மின்சாரம் அதிகம் பாயும், அது சூடேறிச் சாகும். மீற்றரை வைத்து அளந்து பாருங்கள். சாதாரண 12 வோல்ற் கொயில் 3 ஓம் பக்கத்தில் இருக்கும். கொயிலுக்குப் போகும் வோல்ற்றைக் குறைக்கும் பலஸ்ற் ரெசிஸ்டர் உள்ள வண்டியென்றால் கொயில் 1.5 ஓம் அளவில் இருக்கலாம். மொடியூலின் சிவப்பு வயரை அந்த ரெசிஸ்டருக்கு முன்னால், முழு 12 வோல்ற் வரும் இடத்தில் கொடுக்க வேண்டும். கூடவே பழைய செப்புப் பிளக் வயரை எடுத்துவிட்டு ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர் போடுங்கள். செப்பு வயரின் இரைச்சல் சென்சரைக் குழப்பும்.

மூன்றாவது சாவி. இயந்திரம் ஓடாமல் இக்னிஷனைப் போட்டபடி வைத்துப் பாட்டுக் கேட்பது சாதாரண மொடியூலுக்கு விஷம். பொயிண்ட்டும் மூடியபடி இருந்தால் கொயில் சூடேறும்தான், ஆனால் கொயில் பொறுத்துப்போகும் நேரத்துக்கு மொடியூல் பொறுக்காது. புதிய வகைகளில் தானாக நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறது, கொஞ்சம் கூடக் கொடுத்து அதை வாங்குவது நல்லது.

நாலாவது, டிஸ்ட்ரிபியூட்டரையே புதிதாக வாங்குவது. இதில் இரண்டு உலகம். ஒன்று மலிவுப் பிரதி, உள்ளே மொடியூலோடு வரும். புஷ் புதிது, ஷாஃப்ட் ஆடாது, உண்மைதான். ஆனால் எடையும் ஸ்பிரிங்கும் உங்கள் இயந்திரத்துக்கு என்று செய்யப்பட்டவை அல்ல, ஏதோ ஒரு பொது அளவு. பீட்டில்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும்: வக்கூம் இல்லாத பொஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் பிரதிகளையும் பூட்டியவர்கள் பெடலை மிதித்ததும் ஒரு கணம் வண்டி தயங்குவதைப் பார்த்திருப்பார்கள். மற்றது நெதர்லாந்தில் செய்யும் 123 இக்னிஷன். எடையும் ஸ்பிரிங்கும் இல்லாமல், வேகத்துக்கு ஏற்ப டைமிங் மாறும் வளைவையே உள்ளே இருக்கும் மின்னணு கணக்குப் போடும். பொருத்தமான வளைவைத் தெரிவு செய்து வைத்துவிடலாம். அழகான சாமான், மறுக்கவில்லை. அதன் விலைக்கு நம் ஊரில் இயந்திரத்தின் வேறு பல வேலைகளைச் செய்து முடிக்கலாம். எம்ஜி போன்ற விளையாட்டுக் கார் வைத்து, இயந்திரத்தையும் முழுதாகக் கட்டியவருக்குத்தான் இது நியாயம்.

ஜப்பான் கார் வைத்திருப்பவருக்கு இந்தத் தலையிடி குறைவு. டட்சன் ஏ வரிசை இயந்திரங்களுக்கும் டொயோட்டா கே வரிசைக்கும் பின்னாளில் தொழிற்சாலையே இலக்ட்ரோனிக் டிஸ்ட்ரிபியூட்டர் செய்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பழையது ஒன்று சிக்கலாம். தொழிற்சாலை செய்தது என்பதால் சூட்டுக்கும் அதிர்வுக்கும் தாக்குப்பிடிக்கும். கிடைத்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

உப்புக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு என்றால் பித்தளை முனைகள் பச்சை பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கொட்டில்களுக்குள் அடுப்பு மாதிரிக் கொதிக்கும், வாடை தொடங்கினால் எல்லாம் ஈரம். மாதக்கணக்கில் நிற்கும் காரில் பொயிண்ட் முகத்தில் மெல்லிய படலம் பிடித்து, சாவியைப் போட்டால் பொறியே வராது. சுத்தமான மட்டைத் துண்டை இரு முகத்துக்கும் இடையில் வைத்து இழுத்தால் தீர்ந்துவிடும், ஆனால் அது தெரியாதவருக்கு வண்டி செத்த மாதிரி. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு மொடியூல் வசதி என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் கேப்புக்குள் ஈரம் பிடித்தால் இரண்டும் ஒன்றுதான். மினியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிறில்லுக்குப் பின்னாலேயே நிற்பதால் மார்கழி மழையில் நேரே தண்ணீர் அடிக்கும். அதற்கு மருந்து இலக்ட்ரோனிக்ஸ் அல்ல, ஒரு ரப்பர் உறையும் டபிள்யூடி 40 டப்பாவும்.

இனி என் தீர்ப்பு. ஓர்ஸ் ஹில்லிலிருந்து கடைத்தெருவுக்கும், மிஞ்சினால் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போய்வரும் கார் என்றால் எது பூட்டினாலும் பரவாயில்லை. நின்றாலும் கயிறு கட்டி இழுக்கலாம். அப்படிப்பட்டவர் மொடியூல் பூட்டிப் பொயிண்ட்டை மறந்துவிடலாம். ஆனால் கண்டி வீதியில் ஹபரணை தாண்டிக் கொழும்புக்கோ, கிண்ணியாப் பாலம் தாண்டி வாகரை வழியாக மட்டக்களப்புக்கோ போகிறவருக்கு வேறு பதில். மொடியூல் ஒரு முனகலும் இல்லாமல் ஒரே அடியாகச் சாகும், அதை வீதியோரக் கராஜில் யாராலும் திருத்த முடியாது. அப்படி என்றால் தூரம் ஓடுபவர் பொயிண்ட்டோடுதான் இருக்க வேண்டுமா? இல்லை. இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் வைத்திருக்க வேண்டும்.

மைனர், மினியின் ஏ வரிசை இயந்திரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நாக்கு மையத்திலிருந்து விலகியிருக்கும், ஒரே ஒரு விதமாகத்தான் உள்ளே போகும். அதைப் பிடிக்கும் கிளாம்ப் தட்டை இறுக்கியபடியே விட்டு, தட்டை இயந்திரத்தில் பிடிக்கும் இரண்டு போல்ற்றை மட்டும் கழற்றினால் டைமிங் கலையாமல் முழுதாக வெளியே வரும். ஆகவே பழைய 25டி4 ஒன்றைத் தேடி எடுத்து, அதற்குச் சொந்தமாக ஒரு கிளாம்ப் தட்டும் பொயிண்ட்டும் கொண்டென்சரும் ரோட்டரும் போட்டு, ஒருநாள் காரில் பூட்டி டைமிங் வைத்து, அப்படியே கழற்றித் துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். காரில் மொடியூல் ஓடட்டும். செத்தால் ஒன்றை உருவி மற்றதைச் செருகி, கொயில் வயரைப் பொயிண்ட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் குத்தி, கேப்பை மூடிவிட்டுப் போகலாம். எந்த வயர் எங்கே என்று ஒரு மட்டையில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள், இருட்டில் ஞாபகம் வராது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கிடைக்காதவர் தட்டோடு சேர்த்துப் பொயிண்ட் செற்றை இடைவெளி வைத்தபடி ஒரு டப்பாவில் வைத்திருக்கலாம், வேலை சற்றுக் கூடும், அவ்வளவுதான். இரண்டுமே முடியாது, ஆனால் அடிக்கடி தூரம் போகிறீர்கள் என்றால் பொயிண்ட்டிலேயே இருங்கள், நல்ல கொண்டென்சரைத் தேடி வாங்குங்கள்.

மொடியூல்தான் என்று முடிவெடுத்தவர் பூட்டிய அன்றே தூரப் பயணம் போக வேண்டாம். முதலில் ஸ்ட்ரோப் லைட் பிடித்து டைமிங்கைச் சரி பாருங்கள். பொயிண்ட்டுக்கு வைத்த இடத்தில் மொடியூல் நிற்காது. பிறகு நல்ல வெயில் மத்தியானத்தில் நிலாவெளி வரை ஓடிப்போய், இயந்திரத்தை நிறுத்தி, பொனற்றைத் திறக்காமல் கால் மணித்தியாலம் விடுங்கள். நிறுத்திய பிறகுதான் பொனற்றுக்குள் சூடு ஏறும், பலவீனமான மொடியூல் அந்த நேரத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். திரும்ப ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் தட்டாமல் நின்றால் இன்னும் சில நாட்கள் இதையே செய்து பாருங்கள். ஸ்டார்ட் ஆக மறுத்து, ஆறிய பிறகு மட்டும் பிடித்தால் கொயிலையும் ஏர்த் வயரையும் ஒருதடவை பார்த்துவிட்டு, அவை சரியென்றால் மொடியூலைக் கழற்றி வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.